பேசினால் தூக்கம் வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. 14 மாதங்களுக்கு முன் என் அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்திலேயே இருந்த மூன்று வாரத்தில் என் தூக்கம் கெட்டது. அம்மா நன்றாகத் தேறிவிட்டார். என் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. குடும்ப டாக்டர் சோல்பிடெம் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் அருமையாகத் தூங்கினேன். இப்போது 10 மி.கி. போடுகிறேன். சில நாள் இரவு 2 மணிக்கு முழிப்பு வந்தால் இன்னும் அரை மாத்திரை. காலை முதல் பீரியடில் மூளைக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கிறது. உடம்புக்கு ஓய்வாவது கிடைக்கட்டும் என்று 9.30க்கே படுத்துவிடுகிறேன், 6.30க்கு எழுகிறேன். நடுவில் ஐந்தரை மணி நேரம் தூங்கினால் அதிகம். வேடிக்கை என்னவென்றால், டி.வி. முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. எழுந்து போய்க் கட்டிலில் படுத்ததும் பளிச்சென்று முழிப்பு. இரண்டு முறை மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முறையும் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். மூன்றாம் நாளே மறுபடி போட்டுவிட்டேன். பேச்சு சிகிச்சை எடுத்துக்கொள் என்கிறாள் தங்கை. எனக்கு மனநோய் ஒன்றும் இல்லை டாக்டர். வெறுமனே பேசினால் தூக்கம் வருமா? மாத்திரை, பேச்சு – இரண்டில் எது உண்மையில் நல்லது? இதை இரவு 2.40க்கு எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

வெறுமனே பேசினால் தூக்கம் வராது. உங்கள் சந்தேகம் நியாயமானது. தப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. தூக்கமின்மைக்கு நாங்கள் கொடுப்பதன் முழுப்பெயர் 'தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை', சுருக்கமாக சி.பி.டி.ஐ. வாயில் நுழையாத பெயர் என்பதால் 'பேச்சு சிகிச்சை' என்று சொல்லிவிடுகிறோம். உடனே மனக்கண்ணில் ஒரு சாய்வு நாற்காலியும், சிறுவயதுச் சோகங்களைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஒருவரும் வந்துவிடுகிறார்கள். உண்மையில் முதல் நாள் நான் கேட்பதெல்லாம் மணிக்கணக்குதான். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், பகலில் எங்கே கண் அசந்தீர்கள். மனம் திறந்து பேச வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதில் பாதி கணக்கு.

உங்கள் கடிதத்திலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. 9.30 முதல் 6.30 வரை, கட்டிலில் ஒன்பது மணி நேரம். அதில் தூக்கம் ஐந்தரை. அதாவது 61 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்போம். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு இது 85க்கு மேல் இருக்கும். மீதி மூன்றரை மணி நேரம் ஒவ்வோர் இரவும் நீங்கள் கட்டிலில் வேறொரு வேலை செய்கிறீர்கள்: விழித்திருப்பது, மணி பார்ப்பது, நாளைய வகுப்பை நினைத்துக் கவலைப்படுவது. 14 மாதம் விடாமல் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்தால் அந்த இடம் அதற்கே பழகிப்போகும். நாற்காலியில் சொக்கும் கண் கட்டிலைக் கண்டதும் விழித்துக்கொள்வதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அது. உங்களுக்குத் தூங்கத் தெரிகிறது. தூங்கும் எந்திரம் பழுதாகவில்லை. கட்டில்தான் விழிப்புக்கான அடையாளமாக மாறிவிட்டது.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தூக்கம் கெடுவதற்கு வாகான உடல்வாகு ஒன்று, கெடுத்த சம்பவம் ஒன்று, கெட்டதைத் தொடரவைக்கும் பழக்கங்கள் ஒன்று. உங்கள் விஷயத்தில் சம்பவம் அம்மாவின் அறுவை சிகிச்சை. அது முடிந்துபோனது. ஆனால் தூக்கம் வரவில்லையே என்று நீங்கள் செய்த ஏற்பாடுகள், அதாவது சீக்கிரம் படுப்பது, வராவிட்டாலும் படுத்தே கிடப்பது, இரண்டு மணிக்கு அரை மாத்திரை, இவை முடியவில்லை. தீ வைத்தவன் போய்விட்டான். விறகு போடுவது நாம்தான். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. களைத்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பது யாருக்கும் தோன்றுகிற இயல்பான காரியம். தூக்கமின்மையில் மட்டும் அது எதிராக வேலை செய்கிறது.

சிகிச்சை கைவைப்பது இந்த மூன்றாவது இடத்தில்தான். இரண்டு கருவிகள் முக்கியம். முதலாவதை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தார்: தூக்கம் வந்தால் மட்டும் கட்டில். படுத்துச் சுமார் கால் மணி, இருபது நிமிடம் ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் (மணி பார்க்காமல், தோராயமாக) எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் விறுவிறுப்பில்லாத எதையாவது செய்து, கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். மறுபடி தூக்கம் வராவிட்டால் மறுபடி எழ வேண்டும். இரவு எப்படிப் போயிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகல் தூக்கம் கூடாது, டி.வி. முன்னால் சொக்குவதும் அதில் சேர்த்திதான். படிக்கும்போது சுலபமாகத் தெரியும். நல்ல குளிர்ந்த இரவில் போர்வையை விலக்கி எழும்போது என்னைத் திட்டாதவர்கள் குறைவு.

இரண்டாவது, படுக்கை நேரத்தைச் சுருக்குவது. இதைக் கேட்டதும் பலரும் என் பெயர்ப்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். தூக்கம் இல்லை என்று வந்தவரிடம் 'இன்னும் குறைவாகப் படுங்கள்' என்று சொன்னால் வேறென்ன செய்வார்கள்? ஆனால் மொத்த சிகிச்சையிலும் பலம் அதிகமான பகுதி இதுதான். ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் கட்டிலில் இருக்கும் நேரத்தையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே கொண்டுவருகிறோம். உதாரணத்துக்கு, இரவு 12 முதல் காலை 6 வரை. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் தூக்கத்துக்கான பசி சேர்ந்துகொண்டே போகும். அடினோசின் என்ற வேதிப்பொருள் அந்தப் பசியின் ஒரு பங்கு. ஒன்பதரைக்கே படுத்துப் புரள்வதும், நாற்காலியில் சொக்குவதும் சாப்பாட்டுக்கு முன் நொறுக்குத்தீனி தின்பது போல. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்களே, அந்த நிலைக்கு உடம்பைக் கொண்டுபோவதுதான் நோக்கம். ஒரு வாரச் சராசரியில் தூக்கத் திறன் 85ஐத் தாண்டியதும் படுக்கை நேரத்தில் 15 நிமிடம் கூட்டுவோம். அடுத்த வாரம் இன்னொரு 15. இப்படி உங்கள் உடம்புக்கு வேண்டிய அளவு வரை படிப்படியாக ஏறுவோம்.

முதல் இரண்டு வாரம் மோசமாக இருக்கும். இதை மறைத்து யாராவது சிகிச்சை தொடங்கினால் மூன்றாம் நாளே ஓடிவிடுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பகலில் தூங்கி வழிவீர்கள், எரிச்சல் வரும். அந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், தூக்கத்தில் நடப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. தூக்கம் குறைவது அவர்களுக்கு ஆபத்தைத் தூண்டும்.

அறிவாற்றல் என்ற பகுதி சிறியது, ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குத் தேவையானது. 'இன்றைக்கும் தூங்காவிட்டால் நாளைக்கு வகுப்பு பாழ்' என்று இரவு 2 மணிக்கு ஒரு நினைப்பு வரும். அதை அப்படியே காகிதத்தில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் மாலை வகுப்பு உண்மையில் எப்படிப் போனது என்று பக்கத்தில் எழுதச் சொல்வோம். இரண்டு வாரம் கழித்து இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டால், நினைத்த அளவுக்கு நடப்பு மோசமில்லை என்பதை உங்கள் கையெழுத்தே காட்டும். நாங்கள் வாதாடி நம்பவைப்பதில்லை. பிடிக்கப் பிடிக்க நழுவுவது தூக்கம். பிடியைத் தளர்த்தப் பழக்குவதுதான் இந்தப் பேச்சின் பெரும்பங்கு. மூச்சுப் பயிற்சி, தசை தளர்த்தல் எல்லாம் துணைக்கு. 'மாலைக்கு மேல் காபி வேண்டாம், படுக்கையறை இருட்டாக இருக்கட்டும்' வகை அறிவுரைகளை நீங்கள் நூறு முறை படித்திருப்பீர்கள். அவை மட்டுமே தனியாக நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்ப்பதில்லை, எனவே கடந்துபோகிறேன்.

இனி மாத்திரை. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. மாதத்தில் பலமுறை எழுதுகிறேன். துக்கத்தின் முதல் நாட்கள், ஆஸ்பத்திரியில் கழியும் இரவுகள், தூக்கமின்மையே மனநோயைக் கிளறிவிடும் நிலைகள், இங்கெல்லாம் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது மருத்துவம் ஆகாது. மாத்திரை இன்றிரவே வேலை செய்யும். சிகிச்சையால் அது முடியாது. உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் வந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன், இரண்டு வாரத்துக்கு. எங்கள் தொழிலின் பலவீனம் அதற்கடுத்த சீட்டில்தான் இருக்கிறது. மருந்துச்சீட்டைப் புதுப்பிக்க இரண்டு நிமிடம் போதும், சி.பி.டி.ஐ. சொல்லிக்கொடுக்க நான்கு முதல் எட்டு அமர்வுகள் வேண்டும். கூட்டம் நிறைந்த மாலைகளில் இந்த இரண்டு நிமிட வழியில் நானும் போயிருக்கிறேன்.

சோல்பிடெம், பழைய டயசெபாம், அல்பிரசோலம் எல்லாமே மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் சமிக்ஞையைப் பலப்படுத்துபவை. எவ்வளவு பயன்? சோல்பிடெம் வகை மாத்திரைகளுக்கு அனுமதி பெற அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் நிறுவனங்கள் கொடுத்த 13 ஆய்வுகளின் தரவை 2012இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் அளந்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட 22 நிமிடம் முன்னதாகத் தூக்கம் வந்திருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களும் முன்பைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். மாத்திரை போட்டதும் கிடைத்த மொத்தப் பலனில் ஏறக்குறைய பாதி, மாத்திரை போட்டோம் என்ற நம்பிக்கையில் வந்ததுதான். 22 நிமிடம் அற்பமில்லை, தூங்காதவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 14 மாதம் விலை கொடுக்கும் அளவுக்கு அது பெரியதா என்பதுதான் கேள்வி.

விலை உங்கள் முதல் பீரியடில் தெரிகிறது. பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாக வெளியேறுகிறது. காலையிலும் இரத்தத்தில் மிச்சம் இருக்கிறது. அதனால் 2013இல் அமெரிக்க நிர்வாகம் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகப் பாதியாக்கியது. நீங்கள் போடுவது 10. அதற்கு மேல் இரண்டு மணிக்கு அரை. இந்த அரை மாத்திரையை மட்டும் இன்றிலிருந்தே போடாதீர்கள், டீச்சர். இரவில் ஒரு முறை மட்டும், அதுவும் எழுவதற்கு ஏழெட்டு மணி நேரம் மிச்சம் இருந்தால் மட்டும் போட வேண்டிய மருந்து இது. இரண்டு மணிக்குப் போட்டு ஆறரைக்கு எழுந்து வண்டி ஓட்டினால், நன்றாக விழித்திருப்பதாக நீங்கள் நினைத்தாலும் கையும் கண்ணும் அப்படி நினைக்காது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டியை எடுப்பது, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருப்பது போன்ற சம்பவங்கள் இந்த வகை மாத்திரைகளில் நடந்திருக்கின்றன. அரிதுதான், ஆனால் உயிர்ச்சேதம் வரை போனதால் 2019இல் பெட்டியின் மேலேயே கடும் எச்சரிக்கை போடவைத்தார்கள். உங்களுக்கு ஒரு முறையாவது அப்படி நேர்ந்திருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த மருந்து உங்களுக்கு வேண்டாம். மதுவுடன் சேர்த்தால் மூச்சையே மந்தமாக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடுதல் ஆபத்து. உங்கள் மாத்திரையை அம்மாவுக்குப் பாசத்தில் ஒன்று கொடுத்துவிடாதீர்கள்; வீடுகளில் இது நடக்கிறது.

புதிய வகை ஒன்றும் இருக்கிறது. விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஒரெக்சின் என்ற சமிக்ஞையைத் தடுப்பவை. சுவோரெக்சன்ட் 2014இல் முதலில் வந்தது. செயல்படும் விதம் வேறு, பழக்கமாகும் அச்சமும் குறைவு. நல்ல வரவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் கட்டிலைக் கண்டால் விழிக்கும் பழக்கத்தை அதுவும் மாற்றித் தராது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளைத் தூக்கத்துக்குப் போடுவது வேண்டவே வேண்டாம்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகள் சில உண்டு. நார்வேயில் 46 முதியவர்களிடம் ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் சி.பி.டி.ஐ., ஒரு பகுதியினருக்கு சோபிக்லோன் (உங்கள் மாத்திரையின் ஒன்றுவிட்ட சகோதரன்), மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2006இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களின் தூக்கத் திறன் 81 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறியிருந்தது. மாத்திரைக்காரர்களுடையது 82இல் தொடங்கி 82இலேயே நின்றது. கனடாவின் சார்ல்ஸ் மோரான் குழு 1999இல் செய்த ஆய்வில், முதல் எட்டு வாரத்தில் மாத்திரையும் பலன் தந்தது, சிகிச்சையும் தந்தது, சேர்த்துக் கொடுத்ததும் தந்தது. பிறகு தொடர்ந்து கவனித்தபோது சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம்தான் பலன் நிலைத்திருந்தது. இத்தகைய சான்றுகளை எடைபோட்டுத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள எல்லா வயதுவந்தோருக்கும் முதல் சிகிச்சை சி.பி.டி.ஐ., மருந்து அதற்கடுத்து என்று வழிகாட்டியது. ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கமும் மறுவருடம் அதையே சொன்னது.

சிகிச்சையின் பக்கத்தையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில், தூக்கம் வர ஆகும் நேரம் சுமார் 19 நிமிடம் குறைந்தது. நடுவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் எவ்வளவு கூடியது தெரியுமா? 8 நிமிடம்கூட இல்லை. எட்டு மணித் தூக்கம் கிடைக்கும் என்று எண்ணி வருகிறவர்களுக்கு இது கசப்பான எண். ஆனால் உங்களை வதைப்பது எது என்று யோசித்துப் பாருங்கள்: ஐந்தரை மணித் தூக்கமா, அதைச் சுற்றியிருக்கும் மூன்றரை மணிப் போராட்டமா? சிகிச்சை முதலில் அந்தப் போராட்டத்தைத்தான் எடுத்துவிடுகிறது. துண்டு துண்டான தூக்கம் ஒன்றுசேர்ந்து ஆழமாகிறது. இரவைக் கண்டு வரும் பயம் போகிறது. நேரம் பிறகு மெதுவாகக் கூடும். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. மோரான் குழுவே 2009இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம்; தூக்கமின்மை முற்றிலும் விலகியவர்கள் 40 சதவீதம்.

அந்த 2009 ஆய்வில்தான் உங்கள் 'இரண்டில் எது' என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகப் பயனுள்ள பதில் இருக்கிறது. 160 பேரில் பாதிப் பேருக்கு சிகிச்சை மட்டும். மீதிப் பாதிக்கு சிகிச்சையோடு சோல்பிடெம். இரண்டையும் பெற்றவர்களை ஆறு வாரம் கழித்து மறுபடி பிரித்தார்கள்: சிலருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு சிகிச்சையை மட்டும் தொடர்ந்தார்கள், சிலருக்கு வேண்டும்போது போட்டுக்கொள்ள மாத்திரையையும் விட்டுவைத்தார்கள். பின்னாளில் முன்னவர்களில் 68 சதவீதம் பேர் தூக்கமின்மையிலிருந்து விடுபட்டிருந்தார்கள், பின்னவர்களில் 42. ஆக, மாத்திரை சிகிச்சைக்குப் பகை இல்லை. எப்போது நிறுத்துவது என்ற திட்டம் இல்லாமல் கையருகே கிடக்கும் மாத்திரைதான் பகை. வேண்டும்போது போடலாம் என்றிருந்தால், ஒவ்வொரு நல்ல இரவின் பெருமையும் மாத்திரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் மூளைக்குத் தன்மேல் நம்பிக்கை வர வாய்ப்பே இல்லை.

நீங்கள் இரண்டு முறை நிறுத்திப் பார்த்ததைப் பற்றிச் சொல்கிறேன். அந்த இரவுகளை வைத்து 'மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே இல்லை' என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் போட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சில இரவுகள் தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும். கையால் அழுத்திவைத்த ஸ்பிரிங்கை விட்டதும் துள்ளுவது போல. மருந்து விலகும் துள்ளல் அது. உங்கள் இயல்பான தூக்கத்தின் அளவுகோல் அல்ல. துள்ளல் அடங்குமுன் மூன்றாம் நாளே மாத்திரைக்குத் திரும்பியதால் அடங்கும் என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை. இனி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நீண்ட நாள், அதிக அளவில் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே வழி. அதற்கு சிகிச்சை எவ்வளவு துணை என்பதற்கு ஓர் எண்: டயசெபாம் வகை மாத்திரைகளைப் பல ஆண்டு போட்டவர்களிடம் 2003இல் வந்த கனடா ஆய்வு ஒன்றில், அளவைப் படிப்படியாகக் குறைத்ததால் மட்டும் 38 சதவீதம் பேர் விடுபட்டார்கள், கூடவே சி.பி.டி.ஐ. எடுத்தவர்களில் 77 சதவீதம் பேர்.

எனவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் தூக்க டைரி (படுத்த, தூங்கிய, விழித்த, எழுந்த நேரங்களின் குறிப்பு), இரண்டு வாரம். பிறகு சிகிச்சை தொடக்கம். மாத்திரை நிற்காது, ஆனால் 'இன்று தேவையா' என்ற யோசனைக்கு இடம் கொடுக்காமல் தினமும் குறித்த நேரத்தில், குறித்த அளவில். தூக்கம் ஒன்றுசேர்ந்த பிறகு அளவைக் குறைப்பது. நடுவில் ஒரு சிக்கல் இருக்கிறது: மாத்திரைக்கும் எழுவதற்கும் இடையே ஏழெட்டு மணி வேண்டும் என்றேன், படுக்கை நேரத்தை ஆறு மணியாகச் சுருக்கலாம் என்றும் சொன்னேன். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. சுருக்குவதை மெதுவாகச் செய்வதா, மருந்தின் அளவை முதலில் 5க்குக் கொண்டுவருவதா என்பதை உங்கள் மருத்துவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். இதற்காகத்தான் உங்களைப் போல ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்களை, புத்தகத்தைப் பார்த்துத் தாங்களாகச் செய்ய நான் விடுவதில்லை.

தொடங்குமுன் வேறு காரணங்களையும் பார்த்துவிட வேண்டும். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா? அப்படியென்றால் தூக்க மூச்சுத்தடையைச் சோதிக்காமல் எதுவும் தொடங்கக் கூடாது. இரவில் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? தைராய்டு சரியாக இருக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்து கிடக்கிறதா? 47 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கி, நடு இரவில் உடல் கொதித்து வியர்த்து விழிப்பு வருவதும் சகஜம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தால் மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அந்த வெப்பம் இருக்கும்போதும் சி.பி.டி.ஐ. பலிக்கிறது, தொலைபேசி வழியாகவே கொடுத்து நல்ல பலன் கண்ட ஆய்வு இருக்கிறது. கற்றுத்தரும் ஆள் பக்கத்தில் கிடைக்காவிட்டால் தொலைபேசி, காணொலி வழியும் சரியான வழிதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: தூக்க டைரி எழுதச் சொல்வீர்களா? படுக்கும் நேரம், எழும் நேரம் இரண்டையும் குறித்துக் கொடுப்பீர்களா? எத்தனை அமர்வில் முடியும்? 'அதெல்லாம் வேண்டாம், மனசு விட்டுப் பேசினாலே போதும்' என்று பதில் வந்தால் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடும் சிகிச்சை அங்கே இல்லை.

'எனக்கு மனநோய் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். இருப்பதாக நானும் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தூக்கம் கெட்டு, பகலும் அதனால் கெட்டால் அது தன்னளவில் ஒரு நோய், பெயர் தூக்கமின்மை. வேறு எதுவும் இருந்தால்தான் இந்த சிகிச்சை என்பது இல்லை. தங்கையிடம் அவர் சொன்னது சரி என்றும், பெயர்தான் தப்பு என்றும் சொல்லுங்கள்.

கடைசியாக, இரவு 2.40க்கு எழுதியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். கட்டிலில் படுத்தபடி எழுதினீர்களா, எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தா? நாற்காலி என்றால், சொல்லித்தராமலே ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறீர்கள். கட்டில் என்றால், இன்றிரவு கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நோட்டையும் பேனாவையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். டைரியை இரவில் எழுத வேண்டாம். காலையில் எழுந்ததும் உத்தேசமாக நான்கைந்து எண்கள் போதும். கணக்கு டீச்சரிடம் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்: நிமிடச் சுத்தமாக இருக்கக் கூடாது.